கல்லீரல் பயாப்சி ரிப்போர்ட்ல ஏ2, எஃப்2-ன்னு இருக்குதுங்க, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

சென்னிமலைத் தறி:
வணக்கமுங்க. வயசு 48, பெட்ஷீட் தறி ஓட்டறேன். 1995-ல பெருந்துறை ரோட்டுல வண்டில அடிபட்டு, கால் ஆபரேஷன்ல ரத்தம் ஏத்துனாங்க. இப்ப குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால ரத்தம் பாத்தப்பதான் கல்லீரலத் தாக்கற ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இருக்குதுன்னு தெரிஞ்சுது. ஸ்கேன்ல கல்லீரல்ல கொழுப்பும் தெரியவும், எது எவ்வளவு கெடுத்திருக்குதுன்னு பாக்க ஊசில துளி சதை எடுத்துப் பாக்கற பயாப்சி பண்ணுனாங்க. விலாவுலதான் ஊசி குத்துனாங்க, ஆனா ராத்திரி பூரா வலது தோள்பட்டை வலிங்க, அது ஏன்னே புரியல.

ரிப்போர்ட்ல 'மெட்டாவிர் ஏ2, எஃப்2, கொழுப்பு 20 சதவீதம்'னு போட்டிருக்குது. "மாத்திரை ஆரம்பிச்சரலாம், பயப்படாதீங்க"ன்னார் டாக்டர். வெளிய நிக்கற கூட்டத்தப் பாத்துட்டு மேல கேக்க வாய் வரல. எஃப்4-ன்னா கல்லீரல் பூரா தழும்பாயிப் போற சிரோசிஸாம். அப்ப எஃப்2-ன்னா பாதி போயிருச்சுங்களா? நோம்பிக்கு மச்சான் வந்தா ஒரு பீராச்சும் குடிக்கலாமா? வூட்டுல எனக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டாங்க. அந்த வெசனம் வேற.

ஈரோடு லேப் அக்கா:
தம்பி, பாதி போகல. மெட்டாவிர்ங்கறது கல்லீரல் பாதிப்புக்குப் படி போடற முறை, அது சதவீதக் கணக்கே கிடையாது.

ஏ-ங்கறது வீக்கம், இன்னிக்கு வைரஸ் எவ்வளவு குடைஞ்சுட்டு இருக்குதுன்னு காட்டும். 0-ல இருந்து 3 வரைக்கும். எஃப்-ங்கறது தழும்பு, இத்தனை வருசமா அது விட்டுட்டுப் போனது. 0-ல இருந்து 4 வரைக்கும். நம்ம காட்டு வரப்ப நெனச்சுக்கங்க. எஃப்1-ல தழும்பு அங்கங்க திட்டா நிக்குது. எஃப்2-ல ஒண்ணு ரெண்டு வரப்பு நீள ஆரம்பிச்சிருக்குது. எஃப்3-ல நெறைய வரப்பு ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும். எஃப்4-ல காடே துண்டு துண்டாப் போயிரும். வைரஸ நிறுத்திட்டா எஃப்2 பல பேருக்குக் கொறையவும் செய்யும். ரத்தத்துல பாக்கற எஸ்ஜிபிடி-ங்கற கல்லீரல் டெஸ்ட் நார்மலா இருக்குதுன்னு மட்டும் நம்பி உக்காந்துறாதீங்க, அது நார்மலா இருக்கறப்பவே தழும்பு ஏறுனத நான் நெறையப் பாத்திருக்கேன்.

தோள் வலி: கல்லீரலுக்கு மேல இருக்கற உதரவிதானம்ங்கற மூச்சுத் தசைக்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு இருக்குது, அதான். ஒண்ணு ரெண்டு நாள்ல போகலைன்னாலோ, கூடுனாலோ, மயக்கம் வந்தாலோ ஒடனே காட்டோணும்.

பீர்: வேண்டாம். இத்தனைதான் குடிச்சா பரவால்லைன்னு ஒரு அளவே இல்ல. மச்சானுக்கு அடுத்த நோம்பியும் வரும்.

தட்டு, டம்ளரத் திருப்பித் தரச் சொல்லுங்க. கூட உக்காந்து சாப்பிட்டா, ஒரே டம்ளர்ல குடிச்சா இது ஒட்டாது. ரத்தத்துலதான் பரவும். பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ் மட்டும் தனியா வெச்சுக்கங்க. சவரக்கடையில புது பிளேடு போடச் சொல்லுங்க. வூட்டுலயும் ஒருக்கா ரத்தம் பாத்துருங்க, நிம்மதியா இருக்கும்.

மூலிகைத் தோட்டம்:
மாத்திரை எதுக்குங்க? கீழாநெல்லிய வெறும் வயித்துல அரைச்சுக் குடிங்க. கூட சீந்தில் கஷாயம். எங்க அப்புச்சிக்கு மஞ்சக்காமாலை பறந்துச்சு.

கோபி பெரியப்பா:
ஏனுங்க, அப்புச்சிக்கு வந்தது வேற காமாலையா இருக்கும், அது பல பேருக்குத் தானாவே இறங்கும். இந்த வைரஸ கீழாநெல்லி தொரத்துனதா நிரூபணம் இல்லீங்க. சீந்தில்ல சில பேருக்குக் கல்லீரலே வீங்கியிருக்குது, டாக்டருங்க எழுதியிருக்காங்க. நம்ம ஈரோட்டு மஞ்சள் கொழம்புல இருக்கட்டும், கேப்ஸ்யூல்ல வேண்டாம். அதுலயும் கெட்டவங்க உண்டு.

எனக்கு எஃப்3. அரசாங்கத் திட்டம் 2018-ல வந்துச்சு, அதுல மாத்திரை இலவசமா வாங்கி 12 வாரம் சாப்பிட்டேன். சோஃபோஸ்புவிர்ங்கற வைரஸ் மருந்து சேந்ததுதான். நூத்துல தொண்ணூறுக்கு மேல கேக்கும். கேஸ் மாத்திரை, இதய மாத்திரை எது சாப்பிட்டாலும் முன்னாலயே சொல்லிருங்க, சிலது ஒத்துக்காது. ஹெபடைட்டிஸ் பி-யும் பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. முடிச்சு 12 வாரம் கழிச்சு, ரத்தத்துல வைரஸ் இன்னும் இருக்குதான்னு காட்டற வைரல் லோடு டெஸ்ட் பாக்கோணும். அந்த ரிப்போர்ட்ட லேமினேஷன் போட்டு வைங்க. வைரஸ் போனாலும், ஒருக்கா வந்ததோட அடையாளத்தப் பாக்கற ஆன்டிபாடி டெஸ்ட் ஆயுசுக்கும் பாசிட்டிவ்னுதான் காட்டும், ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் வெளக்கம் சொல்லி மாளாது. எஃப்3-ங்கறதுனால வைரஸ் போயும் எனக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன். உங்களுக்கு எப்படின்னு டாக்டரக் கேட்டுக்கங்க.

கொழுப்புக்கு எடையக் கொறைங்க. தறிப் பக்கத்து பேக்கரியில பஃப்ஸ், இனிப்பு டீய நிறுத்தி சக்கரையில்லாத வரக்காப்பி குடிங்க, அது கல்லீரலுக்கு நல்லதுன்னே சொல்றாங்க. காய்ச்சல்னா பாராசிட்டமால் நாளைக்கு 2 கிராமுக்கு மேல போகக்கூடாது. அரிசிம்பருப்பு சாப்பாட்டுக்கு ஒரு தடையும் இல்லீங்க, நெய்ய மட்டும் கையடக்கிக்கங்க.

சென்னிமலைத் தறி:
அக்கா எழுதுனத வூட்டுல படிச்சுக் காட்டுனேன். ஒண்ணும் சொல்லல, ராத்திரி சோறு பழைய தட்டுல வந்துச்சு. அவங்களுக்கும் திங்கக்கிழமை ரத்தம் குடுத்தரலாம்னு இருக்கறோம். அசிடிட்டிக்கு தினமும் ஒரு மாத்திரை போடறேனுங்க பெரியப்பா, அட்டையக் கொண்டு போயி டாக்டர்ட்டக் காட்டிர்றேன்.