வேலையை விட்டுவிட்டு சொந்த டிசைன் ஸ்டுடியோ: பெங்களூரில் சரிப்பட்டு வருமா?

அல்சூர்வாசி:
இந்திராநகரில் ஒரு பிராண்டிங் ஏஜென்சியில் சீனியர் டிசைனராக இருக்கிறேன். லோகோவும் பேக்கேஜிங்கும் என் வேலை. ஓசூரில் ஒரு மசாலா கம்பெனி, கோரமங்களாவில் ஒரு காபிக்கடை, இரண்டும் என்னை நேரடியாகக் கேட்கின்றன. அப்பாவோ, "மாசச் சம்பளத்தை விட்டுடாதே" என்கிறார். ஸ்டுடியோ நடத்துகிறவர்கள் யாராவது சொல்லுங்களேன். ஆபீஸ் எடுத்துத்தான் ஆரம்பிக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், டிசைன் சேவைக்கு 18%. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், முதல் நாளே செய்துவிடுங்கள். அது இருந்தால் வாங்குகிறவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி கேட்கலாம்.

மல்லேஸ்வரம் ஸ்டுடியோ:
தம்பி, ஆபீஸை அப்புறம் பார்க்கலாம். நாலு பேரை வைத்து ஸ்டுடியோ நடத்துகிறவன் சொல்கிறேன். காலையில் கொட்டேஷன், மத்தியானம் கிளையன்ட் போன், சாயங்காலம் பாக்கி வசூல். வரைகிற மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரைத் திறக்க ராத்திரி ஒன்பது ஆகிவிடும். வரைவதுதான் பிடிக்கும் என்றால் வேலையிலேயே இருங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. அடுத்தவர் வரைந்ததைத் திருத்தி, அதற்காகக் கிளையன்ட்டிடம் மல்லுக்கட்டுவது பிடிக்கும் என்றால் வாருங்கள்.

இந்த ஊரில் எல்லாரும் காட்டும் உதாரணம் சுஜாதா கேசவன். அகமதாபாத்தின் என்ஐடி டிசைன் கல்லூரி, அமெரிக்காவின் யேல் என்று படித்துவிட்டு வந்து 1989-ல் ரே அண்ட் கேசவன் என்ற டிசைன் நிறுவனத்தை ஆரம்பித்தார். 2006-ல் அதை டபிள்யூபிபி என்ற பன்னாட்டு விளம்பரக் குழுமம் வாங்கியது. படிக்க நல்ல கதை. ஆனால் நீங்கள் அங்கிருந்து கணக்குப் போடாதீர்கள், ஓசூரிலிருந்து போடுங்கள்.

ஏன் ஓசூர் என்றால், இங்கே பல ஏஜென்சிகளில் பாக்கெட்டின் ஆங்கிலப் பக்கத்தை ஒரு மாதம் இழைப்பார்கள், தமிழை மட்டும் கடைசி நாளில் யாராவது ஒட்டுவார்கள். டிசைன் மென்பொருளில் தெற்காசிய மொழிக்கான கம்போசரை (எழுத்துகளை வரிசைப்படுத்தும் அமைப்பை) தேர்ந்தெடுக்காமல் யூனிகோடு தமிழை ஒட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அப்படியே அச்சாகிக் கடைக்கு வந்த பாக்கெட்டுகளைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். தமிழை ஒழுங்காக அமைக்கத் தெரிந்தவருக்கு இங்கே போட்டி குறைவு. மும்பை ஏக் டைப் நிறுவனத்தின் முக்தா மலர், பலூ தம்பி என்ற இரண்டு எழுத்துருக்களையும் வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். உள் எழுத்துக்கு அது போதும். முகப்பில் வரும் பெயரை மட்டும் கையால் வரையுங்கள், காசு கேட்க வேண்டியது அதற்குத்தான்.

ஆர்டர் பிடிப்பதைவிடப் பணத்தை வாங்குவதுதான் பெரும்பாடு. பாதி முன்பணம் வராமல் பென்சிலைத் தொடாதீர்கள். ஃப்ரீலான்சராக நீங்கள் வரைந்த லோகோவின் பதிப்புரிமை (காப்பிரைட்), எழுதிக் கையெழுத்துப் போட்டு மாற்றித் தரும்வரை பொதுவாக உங்களுடையதுதான். மாற்றித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 வருடம் என்றே கொள்ளப்படும். ஆகவே கடைசித் தவணை வந்தபின் உரிமை அதன் முழுக் காலத்துக்கும் மாறும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். கொடுக்கிறவர்களும் நிம்மதியாகக் கொடுப்பார்கள். இப்போது சம்பளத்தில் வரைந்தவை கம்பெனிக்குச் சொந்தம். எதையெல்லாம் போர்ட்ஃபோலியோவில் போடலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

அல்சூர்வாசி:
நன்றி அண்ணா. காபிக்கடை ஏஜென்சி வழியாக அறிமுகமானது, அதைத் தொடலாமா? ஓசூர்க்காரர்கள் பிளாஸ்டிக் பவுச் கேட்கிறார்கள். நான் இதுவரை அட்டைப்பெட்டிதான் செய்திருக்கிறேன்.

மல்லேஸ்வரம் ஸ்டுடியோ:
காபிக்கடையை இப்போதைக்கு விடுங்கள். வேலை ஒப்பந்தத்தில் கிளையன்ட்டைக் கொண்டுபோகக் கூடாது என்று இருக்கிறதா பாருங்கள். பவுச்சுக்கு கிராவ்யூர் (உருளையில் செதுக்கி அச்சடிக்கும் முறை) என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர். எட்டு நிறத்தை ஐந்தாக்கினாலே அவர்களுக்கு நல்ல மிச்சம், அதைச் சொல்லியே உங்கள் கட்டணத்தைக் கேட்கலாம். சிலிண்டர் வெட்டிய பிறகு வரும் திருத்தத்தின் செலவு அவர்களுடையது என்று கொட்டேஷனிலேயே போட்டுவிடுங்கள். ஆர்ட்வொர்க்கில் கையெழுத்து வாங்காமல் பிரஸ்ஸுக்கு ஃபைல் அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் வரும் 'ஓகே'வை மட்டும் நம்பாதீர்கள்.