‘நம்ம பேரைச் சொல்லுங்க’: சேலத்தில் கார் விற்ற ஆறு வருடம்

சேலத்தில் ஒரு கார் ஷோரூமில் ஆறு வருடம் சேல்ஸில் இருந்தேன். எந்த ஷோரூம் என்று கேட்காதீர்கள். வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிறது, இப்போது இன்சூரன்ஸ் வேலை. இன்னும் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர், “ஒரு ஆளை அனுப்புனா எவ்வளவு குடுப்பாங்க?” என்றுதான் ஆரம்பிக்கிறார். கார் வாங்க ஆள் அனுப்பியவருக்கு ஷோரூம் கொடுக்கும் ரெஃபரன்ஸ் பணத்தைத்தான் கேட்கிறார். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

ஷோரூமுக்குள் நுழைந்ததும் டீ வருகிறதோ இல்லையோ, போன் நம்பர் கேட்பார்கள். அதைக் கம்ப்யூட்டரில் போட்டால்தான் ‘என்கொயரி’ திறக்கும். திறக்கும்போதே ‘எப்படி வந்தார்’ என்று ஒரு கட்டம் இருக்கும்: நேரில், போனில், இணையத்தில், ஸ்டாலில், பழைய கஸ்டமர், ரெஃபரன்ஸ். ரெஃபரன்ஸ் என்றால் அனுப்பியவரின் பெயரும் நம்பரும் அப்போதே ஏற வேண்டும். வேறு வழியில் ஒரு தடவை ஏறிவிட்ட நம்பருக்கு அப்புறம் யார் வந்து ‘நான்தான் அனுப்பினேன்’ என்றாலும் செல்லாது. வண்டி பில் ஆகி, டெலிவரி முடிந்து, நம்பர் பிளேட்டும் வந்த பிறகுதான் எங்கள் இடத்தில் பணம் கொடுப்பார்கள். புக்கிங் கேன்சல் ஆனால் ஒன்றும் கிடையாது.

இதில் நான் பட்டது ஒன்று.

ஏற்காடு அடிவாரத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். 20 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி வந்து, சக்கரத்தில் கருகல் வாடை அடிக்க நிற்கும் வெளியூர் வண்டிகள் எல்லாம் அவர் பட்டறை வாசலில்தான் ஒதுங்கும். சிலர் வாட்டர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப் போவார்கள். ஓடி வந்து தடுப்பார். சூட்டில் தண்ணீர் பட்டால் டிஸ்க் வளைந்துவிடும். “ஏறுன கியர்லயே இறங்கணும்ங்க” என்று சொல்லி, அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்புவார். காசு வாங்கமாட்டார். மேலே இருக்கும் காப்பித் தோட்டத்து ஜீப்புகள் பாதிக்கு அவர் கைதான் வைத்தியம். அவர் ‘இதை எடுங்க’ என்றால் வேறு வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வருடத்துக்கு ஏழெட்டுப் பேரை எனக்கு அனுப்புவார்.

அப்படித்தான் ஒரு தோட்டக்காரர் வந்தார். டெஸ்ட் டிரைவ் ஊருக்குள் வேண்டாம், மலையில் வேண்டும் என்றார். நாலு பேர் உட்கார்ந்து, ஏசி போட்டு, ஐந்தாவது வளைவு வரை ஏற்றிக் காட்டினேன். அங்கேயே கை கொடுத்துவிட்டார். டீசல், டாப் மாடல். அண்ணனுக்கு 5,000 என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

ஷோரூமுக்கு வந்து அவர் நம்பரைப் போட்டால், ஏற்கெனவே இருக்கிறது. கோடை விழா சமயத்தில் ஏரிப் பக்கம் நாங்கள் ஸ்டால் போட்டிருந்தோம். அதில் குலுக்கல் சீட்டு. அவருடைய பையன், பத்து வயது இருக்கும், சைக்கிள் பரிசு ஆசையில் அப்பாவின் நம்பரை எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறான். ஆக, அவர் ‘ஸ்டால்’ கஸ்டமர். அதுவும் அன்று ஸ்டாலில் நின்ற இன்னொரு சேல்ஸ் பையனின் பேரில். ஜெனரல் மேனேஜர் வரை போய்ப் பார்த்தேன். சிஸ்டத்தில் மாற்ற முடியாது என்றார். முடியும். செய்ய மனமில்லை.

என் இன்சென்டிவில் இருந்து 3,000 எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டு அடிவாரம் போனேன். பிரேக் ஷூ கழற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்தார், விரல் விரலாக. “கம்பெனி குடுக்கலைன்னா நீங்க ஏன் தம்பி குடுக்கணும்?” என்றார். நான் கவரை நீட்டியபடியே நின்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதிலிருந்து 1,500 மட்டும் எடுத்தார். “என்னுது போவுது விடுங்க. தோட்டத்து டிரைவர்கிட்ட பாதி தர்றேன்னு சொல்லிட்டேன். அவன்தான் முதலாளிகிட்ட பேச்சையே எடுத்தது.”

ரெஃபரன்ஸ் என்று சீட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். அதற்குப் பின்னால் இப்படி டிரைவர், டிங்கரிங் கடைக்காரர், பேங்க் கேஷியர், எல்.ஐ.சி. ஏஜென்ட் என்று ஒரு வரிசையே நிற்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டிக்கு இவ்வளவு வரை விட்டுக்கொடுக்கலாம் என்று டீம் லீடரிடம் ஒரு தொகை இருக்கும். 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெஃபரன்ஸுக்கு 5,000 போனால் உங்களிடம் பேரம் பேச 10,000தான் மிச்சம். உங்களை அனுப்பியவருக்குப் போனது உங்கள் தள்ளுபடியில் ஒரு துண்டு. எங்கள் இடத்தில் இதுதான் வழக்கம். எல்லா ஷோரூமிலும் இப்படியேதான் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

ஆடி மாதத்தில் மட்டும் கணக்கு மாறும். கோட்டை மாரியம்மன் பண்டிகை என்று ஊரே திருவிழாவில் இருக்கும், ஷோரூமில் நாங்களும் ஏசியும்தான். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் கொஞ்சம் டெலிவரி போகும். அந்த மாதம் ரெஃபரன்ஸ் தொகையை இரண்டு மடங்கு ஆக்குவார்கள். தை மாதத்தில் கேட்டால் ‘ஸ்கீம் முடிஞ்சிருச்சுங்க’ என்பார்கள்.

*

பதில் – அஸ்தம்பட்டி, பேங்க் வேலை

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் கார். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், கூட வந்தார். நாலு தடவை லீவு போட்டு வந்தார். எனக்காக மேஜையைத் தட்டிப் பேசி 8,000 குறைக்க வைத்தார். டெலிவரி அன்று மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் அவரே வாங்கி வந்து சக்கரத்தடியில் வைத்தார். எனக்கு ஒரே பெருமை.

இருபது நாள் கழித்துக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும்போது ஷோரூமிலிருந்து போன். “மேடம், உங்களை ரெஃபர் பண்ணினது இவர்தானே? சும்மா கன்ஃபர்ம் பண்ணிக்கறோம்” என்று அண்ணன் பெயரைச் சொன்னார்கள். எதிரே பாஸ்புக்கோடு நாலு பேர். ‘ஆமாம்’ என்று வைத்துவிட்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்குப் பணம் நின்றிருக்கும் என்பது இந்தப் பதிவைப் படித்த பிறகுதான் புரிகிறது.

அவர் வாங்கியது எனக்கு வருத்தம் இல்லை. அலைந்தார், வாங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்று வரை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, “நல்ல ரேட்டுக்கு முடிச்சோம்ல?” என்பார்.

*

பதில் – ஆத்தூர், டிரைவிங் ஸ்கூல்

நான் வாங்குகிறேன், சொல்லியே வாங்குகிறேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? என் வண்டியில் இருபது நாள் கிளட்ச் பழகியவர் அதே மாடலைத்தான் தேடுவார். ஷோரூம் அதற்கு விளம்பரச் செலவு செய்வதற்குப் பதில் எனக்குக் கொடுக்கிறது.

கையில் ரொக்கமாகத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அக்கவுன்ட்டில்தான். பான் கார்டு கேட்பார்கள், கொடுங்கள். ஒரு வருடத்தில் 20,000 தாண்டினால் கமிஷன் என்று டி.டி.எஸ்., அதாவது கொடுக்கும்போதே வருமான வரி, பிடிப்பார்கள். முன்பு 5 சதவீதம், 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம். பிடித்தது வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் தெரியும். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். பணத்துக்குப் பதில் சர்வீஸ் கூப்பன் என்றால் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள். என்னிடம் ஒரு கட்டு கிடக்கிறது.

*

பதில் – மேட்டூர்

டேஷ் கேமரா தருகிறேன் என்றார்கள். மிதியடி தந்தார்கள். அதுவும் வேறு மாடலுக்கானது.

*

பதில் – இப்போதும் சேல்ஸில் இருப்பவன்

அண்ணா, நீங்கள் சொன்ன ஆடியை நாங்கள் 2025-இல் இரண்டு மாதமாக அனுபவித்தோம். ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறையும் என்று பிரதமர் பேசியதும் புக்கிங் நின்றுவிட்டது. செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் இருக்கும் சின்ன வண்டிகளுக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் போய் 18 சதவீதம் என்று ஆனது. அதுவரை ‘யாரையாவது அனுப்புங்க, டபுளாத் தர்றோம்’ என்று பட்டறை பட்டறையாக அலைந்தோம். 22-ஆம் தேதிக்குப் பிறகு வண்டி இல்லை என்று கையை விரிக்கும் நிலை. ரெஃபரன்ஸ் ஸ்கீமை அந்த வாரமே எடுத்துவிட்டார்கள். முன்னால் அனுப்பி, பின்னால் டெலிவரி ஆன ஆட்களுக்கு என்ன பதில் சொல்வது? திட்டு வாங்கியது நான்தான்.

*

மறுபடியும் நான்

ஆட்களை அனுப்புவது எப்படி என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: ஆள் ஷோரூமில் கால் வைப்பதற்கு முன்னால், அவர் பெயரும் நம்பரும் போட்டு ஷோரூம் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். தேதியும் நேரமும் அதில் நிற்கும். வாய் வார்த்தையாக ‘நம்ம பேரைச் சொல்லுங்க’ என்று அனுப்பினால், கஸ்டமர் ஏசி காற்று பட்டதும் உங்கள் பேரை மறந்துவிடுவார். தொகை எவ்வளவு, பணமா கூப்பனா, எப்போது என்பதையும் அதிலேயே கேட்டு வாங்குங்கள்.

வண்டி வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது வேறு. ‘எனக்கு ரெஃபரன்ஸ் யாரும் இல்லை, அந்தப் பணத்தையும் விலையில் கழியுங்கள்’ என்று நேராகக் கேளுங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவருக்குக் கொடுத்தோம். அப்புறம் இன்சூரன்ஸ். ஷோரூமுக்கு அதிலும் லோனிலும் வருவதற்குப் பக்கத்தில் ரெஃபரன்ஸ் எல்லாம் சில்லறை. புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். ஆனால் அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளியே விலை கேட்டுவிட்டுப் போய்ப் பேசுங்கள். இதைச் சொல்கிறவன் இன்சூரன்ஸ் விற்கிறவன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி சகோதரிக்கு: அண்ணனிடம் கேட்காதீர்கள். அடுத்த வண்டிக்கு முதலிலேயே, “உங்க பேரை நானே எழுதிடறேன் அண்ணா” என்று சொல்லிவிடுங்கள்.

மெக்கானிக் அண்ணன் போன வாரம் போன் செய்தார். நான் அங்கே இல்லை என்று தெரிந்தும் என்னிடம்தான் கேட்பார், இப்போது எந்தப் பையன் நல்லவன் என்று. நாகலூர்ப் பக்கம் யாரோ வண்டி பார்க்கிறார்களாம். ஒரு பெயர் சொன்னேன். “சரி தம்பி,” என்றார். “வீட்டுல பசங்க எங்கயாச்சும் குலுக்கல் சீட்டு எழுதிப் போட்டாங்களான்னு மொதல்லயே கேட்டுட்டேன். போடலையாம்.”