அயோவா அணி தாக்குதல் பயிற்சியாளரைத் தேடிய நாட்கள்: அங்கே இருந்தவர்கள் எழுதுங்கள்

அயோவா சிட்டி, முன்னாள் ஆய்வு மாணவர்

2022 ஆகஸ்டில் அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. செப்டம்பர் 3 அன்று ஆய்வகத் தோழர்கள் கின்னிக் அரங்குக்கு இழுத்துப் போனார்கள். எதிரணி சவுத் டகோட்டா ஸ்டேட். அயோவா 7-3 என்று வென்றது. அந்த 7 புள்ளிகள் வந்த வழிதான் விசித்திரம். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஒரு ஃபீல்டு கோலுக்கு 3. மீதி 4 புள்ளிகளும் இரண்டு சேஃப்டிகளில் வந்தவை. அதாவது, எதிரணியை அதன் எல்லைக்கோட்டுக்குள்ளேயே மடக்கித் தற்காப்பு ஆட்டக்காரர்கள் சம்பாதித்துக் கொடுத்தவை. பந்தோடு எதிரணி எல்லைக்குள் போய் எடுக்கும் டச் டவுன் ஒன்றுகூட இல்லை. வெற்றிக்குக் கைதட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் ஊரே கலைந்து போனதைப் பார்த்தேன். (அன்று எதிரணிக்குப் பந்தை எறிபவராக, அதாவது குவார்ட்டர்பேக்காக, ஆடிய மார்க் கிரோனோவ்ஸ்கியே 2025இல் அயோவாவுக்கு ஆட வந்துவிட்டார்.)

பந்து நம் கையில் இருக்கும்போது எந்த ஆட்டத்தை ஆடுவது, யாரிடம் கொடுப்பது, எறிவதா ஓடுவதா என்பதை வகுப்பவர்தான் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர். அந்த வேலையில் 2017 முதல் இருந்தவர் பிரையன் ஃபெரன்ட்ஸ். தலைமைப் பயிற்சியாளர் கர்க் ஃபெரன்ட்ஸின் மகன். தந்தைக்குக் கீழே மகன் நேரடியாக வேலை செய்யக் கூடாது என்ற விதி இருந்ததால், காகிதத்தில் அவருக்கு மேலதிகாரி விளையாட்டுத் துறை இயக்குநர் கேரி பார்ட்டா. களத்தில் யார் மேலதிகாரி என்பது எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து போனவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2023 பிப்ரவரியில் பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமாகக் குறைந்தது. அடுத்த பருவத்தில் அணி குறைந்தது 7 ஆட்டங்களை வெல்ல வேண்டும். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளி எடுக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் ஒப்பந்தம் ஊர் அறியக் கிடைத்தது. தற்காப்புக்காரர்கள் எடுக்கும் புள்ளிகளும் இந்தக் கணக்கில் சேரும் என்பதுதான் உச்சம். 13 ஆட்டம், 325 புள்ளி என்று பெருக்கிவைத்துக்கொண்டு ஊரே கணக்குப்பிள்ளை ஆனது. முதல் ஆட்டத்தில் யூட்டா ஸ்டேட்டுக்கு எதிராக 24 புள்ளி. ஒன்று குறைவு! அடுத்த வாரம் பல்கலைக்கழகப் பேருந்தான கேம்பஸில் ஏறினால் முன்பின் தெரியாதவர்கள் மீதி 301 என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பருவத்திலேயே பிரையன் விலகுவது முடிவாகி, அவர் இடத்துக்கு வேறொருவரைத் தேடினார்கள். அந்தத் தேடலை நீங்கள் எங்கிருந்து பார்த்தீர்கள்? யாரோடு பேசினீர்கள்? எழுதுங்கள்.


கோரல்வில், மென்பொருள் துறை

எனக்குக் கால்பந்து வந்ததெல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியவர் வழியாக. ஓய்வுபெற்ற விவசாயி. ஹேடன் ஃப்ரை பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்தே பருவ டிக்கெட் வைத்திருப்பவர். 1979 முதல் 1998 வரை ஃப்ரை, 1999 முதல் கர்க் ஃபெரன்ட்ஸ். தன் வயதில் பாதிக்கு மேல் இரண்டே பயிற்சியாளர்களோடு கழிந்துவிட்டது என்பார்.

2023 அக்டோபர் 21 அன்று மினசோட்டாவிடம் 12-10 என்று தோற்றார்களே, அன்று மாலை அவர் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். கடைசி நேரத்தில் அயோவாவின் கூப்பர் டிஜீன், எதிரணி உதைத்துத் தள்ளிய பந்தை (பன்ட்) பிடித்து ஓடி டச் டவுன் அடித்தார். பந்து வரும் முன்பு அவர் கையை அசைத்த விதம் விதிப்படி 'ஓட மாட்டேன்' என்ற சைகையாகிவிட்டது என்று நடுவர்கள் அதை ரத்து செய்தார்கள். மினசோட்டா 1999க்குப் பிறகு அதுவரை கின்னிக்கில் வென்றதே கிடையாது. ரோஸ்டேலின் ஃபிளாய்ட் என்ற வெண்கலப் பன்றிக் கோப்பையும் கையை விட்டுப் போயிற்று. பெரியவர் நடுவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "பத்துப் புள்ளி எடுத்துவிட்டு நடுவரைக் குறை சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றார்.

ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 30, திங்கட்கிழமை, பருவம் முடிந்ததும் பிரையன் விலகுவார் என்ற அறிவிப்பு வந்தது. அறிவித்தவர் தந்தை அல்ல. பார்ட்டா ஓய்வு பெற்றபின் இடைக்கால இயக்குநராக வந்திருந்த பெத் கெட்ஸ். அணி அப்போது 6 வெற்றி, 2 தோல்வி, சராசரி 19.5. பெரியவர் மகிழ்வார் என்று நினைத்து வாழ்த்துச் சொல்லப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவன் இந்த ஊர்ப் பையன். இங்கேயே ஆடியவன். பருவத்தின் நடுவில், அவன் அப்பா பக்கத்தில் நிற்கும்போதா சொல்வது?" என்றார். முந்தின வாரம்வரை பிரையனைத் தினம் திட்டியவரும் இவரேதான். எனக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை. சொந்தக்காரனைத் திட்டும் உரிமையை யாரும் வெளியாளுக்குக் கொடுப்பதில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 4 அன்று ஒஹாயோ ஸ்டேட்டை 55-24 என்று அடித்து நொறுக்கிய ஆட்டத்தை வகுத்தவரும் இதே பிரையன்தான். பெரியவர் அந்த நாள் டிக்கெட்டைச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கிறார்.


சிகாகோ

அறிவிப்பு வந்த வாரக் கடைசியில், நவம்பர் 4, இங்கே ரிக்லி ஃபீல்டில் நார்த்வெஸ்டர்னோடு ஆட்டம். பேஸ்பால் மைதானத்தில் கால்பந்து! அயோவாவில் வேலை பார்த்த நண்பர் வற்புறுத்தியதால் போனேன். 10-7 என்று அயோவா வென்றது, கடைசி நொடிகளில் டுரூ ஸ்டீவன்ஸ் அடித்த 53 யார்டு ஃபீல்டு கோலில். எங்கள் வரிசையில் இருந்த அயோவாக்காரர்கள் நால்வரும் ஆட்டத்தைவிட அடுத்த பயிற்சியாளர் யார் என்பதைத்தான் அதிகம் பேசினார்கள். ஆனால் மெல்பர்னிலிருந்து வந்த டோரி டெய்லர் பந்தை உதைக்க வரும்போதெல்லாம் எழுந்து நின்று கத்தினார்கள். பன்ட் என்பது இனி முன்னேற வழியில்லை என்று பந்தை எதிரணியிடம் உதைத்துத் தள்ளுவது. தோல்வியை ஒப்புக்கொள்ளும் உதைக்கு இவ்வளவு கைதட்டலா என்று கேட்டேன். "எங்கள் தாக்குதல் ஆட்டமே அவன்தான்" என்றார் ஒருவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அந்தப் பருவத்தில் டெய்லர் உதைத்த மொத்த தூரம் 4,479 யார்டு. கல்லூரி ஆட்டத்தில் ஒரு பருவத்துக்கு அதுதான் சாதனை.


அயோவா சிட்டி, மருத்துவமனைப் பணி

நான் அரங்குக்குள் கால் வைத்ததே இல்லை. பார்த்ததெல்லாம் ஸ்டெட் குழந்தைகள் மருத்துவமனையின் மேல்தளச் சன்னலிலிருந்து. முதல் கால் பகுதி முடிந்ததும் அரங்கில் இருக்கும் ஏறத்தாழ 69,000 பேரும் திரும்பி நின்று எங்கள் குழந்தைகளுக்குக் கையசைப்பார்கள். 2017இல் தொடங்கிய வழக்கம். பெற்றோர் அழுவார்கள், எங்களுக்கும் தொண்டை அடைக்கும். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரு சிறுவனைப் பற்றி. பத்து, பதினொரு வயது இருக்கும். நவம்பர் மாதம், புதுப் பயிற்சியாளர் பேச்சு எங்கும் ஓடிக்கொண்டிருந்த சமயம். அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் அவனே வரைந்த ஆட்டத் திட்டங்கள்: வட்டம், பெருக்கல் குறி, அம்பு. ஊசி போடப் போகும் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கத்தைக் காட்டி விளக்குவான். டைட் எண்டு என்ற இடத்தில் ஆடுபவருக்குப் பந்தை எறிகிற மாதிரிதான் எல்லாமே. கிட்டில், ஹாக்கன்சன், லபோர்ட்டா என்று அந்த இடத்தில் ஆடியவர்களை வரிசையாக என்எஃப்எல் என்ற தொழில்முறைப் போட்டிக்கு அனுப்பிய பல்கலைக்கழகத்துக்கு டச் டவுன் அடிக்கத் தெரியவில்லையே என்பது அவனுடைய கேள்வி. எங்கள் மூத்த மருத்துவர் நோட்டைப் புரட்டிவிட்டு, உன்னைத்தான் நியமிக்கப் போகிறார்கள் என்றார். அவன் உடனே சம்பளம் எவ்வளவு என்று கேட்டான். எட்டரை லட்சம் என்றதும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். வீட்டுக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனான்.


அயோவா சிட்டி, முன்னாள் ஆய்வு மாணவர்

மேலே எழுதிய நண்பர்களுக்கு நன்றி. தேடல் நீண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு எரிச்சல் புரியாது.

போகிறார் என்று தெரிந்த பயிற்சியாளரோடே அணி அடுத்த நான்கு ஆட்டங்களையும் வென்றது. எடுத்த புள்ளிகள் 10, 22, 15, 13. இதை வைத்துக்கொண்டு யாரை என்ன சொல்வது? அயோவா ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் இறுதியில் மிச்சிகனிடம் 26-0 என்று தோல்வி, புத்தாண்டு அன்று சிட்ரஸ் போல் என்ற பருவமுடிவு ஆட்டத்தில் டென்னசியிடம் 35-0 என்று தோல்வி. ஆக 14 ஆட்டங்களில் 216 புள்ளி, சராசரி 15.4, வெற்றி மட்டும் 10.

அதன்பிறகு ஜனவரி முழுக்க மௌனம். அது அதிபர் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காகஸ் கூட்டங்களின் மாதம். ஜனவரி 15 அன்று வாக்களிப்பு. எச்சில் துப்பினால் உறையும் குளிர். வீடு வீடாக வந்த கட்சித் தொண்டர் ஒருவரை என் வீட்டு உரிமையாளர் உள்ளே அழைத்துக் காபி கொடுத்து, உங்கள் வேட்பாளர் இருக்கட்டும், தாக்குதல் பயிற்சியாளராக யார் வருவார் என்று கேட்டதை நான் படிக்கட்டில் நின்று கேட்டேன். விஸ்கான்சினின் முன்னாள் தலைமைப் பயிற்சியாளர் பால் கிறிஸ்ட் பெயர் பலமாக அடிபட்டது. முடிதிருத்தும் கடையில் ஒருவர் அவர் வந்தாகிவிட்டது என்றே சாதித்தார், வீடு பார்த்துவிட்டார் என்பதுவரை.

என் கருத்து இதுதான்: அது திறமைசாலிக்கான தேடல் மட்டும் அல்ல. கால் நூற்றாண்டாக ஒரே தலைமைப் பயிற்சியாளர். அதுவரை அவரிடம் இந்த வேலையைப் பார்த்தவர்கள் மூவர் மட்டுமே. கென் ஓ'கீஃப், கிரெக் டேவிஸ், பிரையன். டேவிஸ் 2005இல் டெக்சாஸ் தேசியப் பட்டம் வென்றபோது தாக்குதலை வகுத்தவர். அவரும் இங்கே வந்தபின் அயோவா பாணிக்குள் அடங்கிப் போனார். பந்தைப் பறிகொடுக்காதே, ஓட்டத்தை நம்பு, முடியாவிட்டால் உதைத்துவிடு, மிச்சத்தைத் தற்காப்பு பார்த்துக்கொள்ளும் என்பது கர்க் ஃபெரன்ட்ஸின் வேதம். சமையலுக்குப் புது ஆள் வரலாம், மளிகைச் சீட்டு எழுதுவது அதே மாமியார். அந்தச் சீட்டில் ருசியாகச் சமைக்க ஒப்புக்கொள்பவர் யார் என்று பார்க்கத்தான் மூன்று மாதம் ஆனது என்று நினைக்கிறேன். ஜனவரி இறுதியில் டிம் லெஸ்டர் பெயர் வந்தபோது என் ஆய்வகத்தில் பாதிப்பேர் யார் அது என்று தேடினார்கள்.


கலமசூ, மிச்சிகன்

நாங்கள் தேடவில்லை! லெஸ்டர் எங்கள் வெஸ்டர்ன் மிச்சிகனின் ஆள். 1990களில் இங்கே குவார்ட்டர்பேக்காக 11,000 யார்டுக்கு மேல் எறிந்தவர். 2017 முதல் 2022 வரை தலைமைப் பயிற்சியாளர். 2021 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் போய் அந்த அணியை 44-41 என்று வென்றபோது என் அறைத்தோழர்கள் விடிய விடியத் தூங்கவில்லை. அடுத்த பருவத்தில் 5 வெற்றி, 7 தோல்வி. உடனே வேலை போயிற்று. 2023இல் அவர் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற என்எஃப்எல் அணியில் ஆட்டப் பகுப்பாய்வாளர். அந்த செப்டம்பரில் எங்கள் அணி கின்னிக்கில் 41-10 என்று அயோவாவிடம் உதை வாங்கியது. 25 புள்ளிக் கணக்கில் அயோவாவுக்குக் கிடைத்த மிகப் பெரிய வரவு அது. அதற்கு நாங்கள்தான் இரை.

நியமனச் செய்தி வந்த அன்று இங்குள்ள காபிக் கடையில் அயோவாச் சட்டை போட்ட ஒருவரைப் பார்த்தேன். மகளைக் கல்லூரியில் விட வந்தவராம். லெஸ்டர் எப்படி என்று கேட்டார். நல்லவர், அவசரப்படாதவர், பெரிய வாய்ச்சொல் கிடையாது என்றேன். "அப்படியென்றால் எங்கள் ஊருக்குச் சரியாக இருக்கும்" என்றார். புள்ளி எடுப்பாரா என்று அவர் கேட்கவே இல்லை.


கோரல்வில், மென்பொருள் துறை

கலமசூ நண்பருக்கு: எடுத்தார். 2024இல் 13 ஆட்டங்களில் 360 புள்ளி, சராசரி 27.7. வீரர்கள் பந்து ஆட்டத்துக்கு வரும் முன்பே இடம் மாறி ஓடுவதைக் கின்னிக்கில் முதன்முதலாகப் பார்த்ததுபோலப் பெரியவர் வியந்தார். கேலப் ஜான்சன் மட்டும் 1,537 யார்டு ஓடினார். முதல் ஆட்டத்தில் இல்லினாய் ஸ்டேட்டை 40-0 என்று வென்றபோது கர்க் ஃபெரன்ட்ஸ் அரங்கிலேயே இல்லை. முந்தைய ஆண்டுகளில் நடந்த ஓர் ஆள்சேர்ப்பு விதிமீறலுக்காகப் பல்கலைக்கழகமே அவரை ஓர் ஆட்டம் விலக்கிவைத்திருந்தது. அவர் இல்லாததால்தான் நாற்பது என்று அன்று ஊரில் நகைக்காத ஆள் இல்லை.

ஆனால் பருவ முடிவில் 8 வெற்றி, 5 தோல்வி. பெரியவர் இப்போது வேலியோரம் நின்று, பதினைந்து புள்ளி எடுத்துப் பத்து ஆட்டம் வென்றோம், இருபத்தேழு எடுத்து எட்டு வென்றிருக்கிறோம் என்று தற்காப்பைத் திட்டத் தொடங்கியிருக்கிறார்.