கூரியர் ட்ராக்கிங்ல தினமும் "கஸ்டமர் வீட்ல இல்லை"ன்னு வருது, நான் வீட்டை விட்டு நகரவே இல்ல, என்ன பண்றது?

திருச்சி_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம், அவசரம், தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ். என்னோட பி.எட். டிகிரி, டிசி, மார்க்‌ஷீட் எல்லாம் ஒரிஜினல், கோயம்புத்தூர்ல ஃப்ரெண்டு வீட்ல இருந்துச்சு (ஹாஸ்டல் காலி பண்ணப்ப நடந்த கதை, விடுங்க). அவ ஒரு பெரிய பிரைவேட் கூரியர்ல போட்டு அனுப்பிட்டா. வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன், ஒரிஜினல் இல்லாம போனா உள்ளயே விட மாட்டாங்க. ஆப்ல பாத்தா காலைல "அவுட் ஃபார் டெலிவரி"ன்னு காட்டுது, சாயங்காலம் ஆனா "கஸ்டமர் நாட் அவைலபிள்"னு மாறிடுது, மறுநாளும் இதே கதை. நான் வாசல்லயே சேர் போட்டு உக்காந்திருக்கேன், எங்க தெருவுல ஒரு கூரியர் வண்டி கூட வரல, போனும் வரல. நான் இருக்கறது கே.கே. நகர், ஆப்லயும் கே.கே. நகர் பிராஞ்ச்னுதான் காட்டுது, ஆனா இங்க எங்க தேடினாலும் அந்த பிராஞ்ச் கண்ணுல படல. கஸ்டமர் கேர்ல மெஷின்தான் பேசுது, ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு சுத்தி சுத்தி அதே ட்ராக்கிங் ஸ்டேட்டஸை திருப்பி படிச்சு காட்டுது. என்ன பண்ணலாம்?

சும்மா_வந்தவன்:
எல்லா கூரியரும் இப்படித்தான் அக்கா. வராமலே வந்தேன்னு போட்டுருவானுங்க.

பைக்_பையன்:
அண்ணா, ஒரேடியா அப்படி சொல்லாதீங்க, நானும் இந்த வேலைதான் பாத்தேன். பார்சலுக்கு இவ்வளவுன்னுதான் காசு, டெலிவரி ஆனாத்தான் காசு, அப்போ யாருக்கு வேணும்னே கொடுக்காம இருக்க ஆசை? ஆனா ராத்திரி கணக்கு முடிக்கும்போது கையில மிச்சம் இருக்கற ஒவ்வொரு பார்சலுக்கும் ஏதாவது ஒரு காரணம் போட்டே ஆகணும், போடலைன்னா ஆப் க்ளோஸ் ஆகாது. "அட்ரஸ் கிடைக்கல"ன்னு போட்டா சூப்பர்வைசர் நூறு கேள்வி கேப்பாரு, "கஸ்டமர் இல்ல"ன்னு போட்டா ஒரு கேள்வியும் இல்ல. அதனால அந்த வரியை அப்படியே நம்பாதீங்க, அதுக்கு பின்னாடி வேற ஏதோ இருக்கும். டீச்சர், ஆப்ல கடைசி ஸ்டேட்டஸ் மட்டும்தான் பெருசா தெரியும், கீழ "வியூ டீடெயில்ஸ்" மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை அமுக்கி முழு லிஸ்ட்டையும் இங்க போடுங்க. ஏடபிள்யூபி நம்பரை, அதாவது ட்ராக்கிங் நம்பரை மட்டும் மறைச்சிடுங்க.

திருச்சி_டீச்சர்:
இருக்கு தம்பி, இதுதான் வருது:
புக்டு, சிஜேபி
டிஸ்பாட்ச்டு ஃப்ரம் சிஜேபி ஹப்
ரிசீவ்டு அட் எம்ஏஏ ஹப்
அவுட் ஃபார் டெலிவரி, எம்ஏஏ கேகேஎன்
அன்டெலிவர்டு, கஸ்டமர் நாட் அவைலபிள்
அப்புறம் கடைசி ரெண்டு வரியே திரும்ப திரும்ப வருது.

அப்புறம் இன்னொண்ணு, கூகுள்ல தேடி கிடைச்ச ஒரு நம்பருக்கு இப்பதான் பேசினேன், மனுஷனே எடுத்தாரு, ரொம்ப மரியாதையா பேசினாரு. அட்ரஸ் கன்ஃபார்ம் பண்ண 5 ரூபாய் கட்டணும்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் அனுப்பியிருக்காரு, அதை இன்ஸ்டால் பண்ண சொல்றாரு. பண்ணலாமா?

பைக்_பையன்:
பண்ணாதீங்க டீச்சர்!!! தொடவே தொடாதீங்க!

கோவை_கிறுக்கன்:
ஐயோ அக்கா அது ஏபிகே ஃபைல், அதாவது ஒரு ஆப், இன்ஸ்டால் பண்ணா உங்க எஸ்எம்எஸ் எல்லாம் அவன் கைக்கு போயிடும், பேங்க் ஓடிபி உட்பட. 5 ரூபாய்னு சொல்றதே நீங்க யோசிக்க கூடாதுன்னுதான், 500 கேட்டா யாரும் கட்ட மாட்டாங்க இல்ல. கூகுள்ல கூரியர் பேரோட கஸ்டமர் கேர்னு போட்டு தேடினா மேல வர்றதுல பாதி இவனுங்கதான். நம்பரை பிளாக் பண்ணுங்க. ஒருவேளை காசு ஏதாவது போயிருந்தா ஒரு நிமிஷம் கூட காத்திருக்காம 1930-க்கு போன் போடுங்க, சைபர் கிரைம் ஹெல்ப்லைன்.

திருச்சி_டீச்சர்:
நல்லவேளை, கேட்டுட்டு பண்ணலாம்னுதான் இங்க வந்தேன். பிளாக் பண்ணிட்டேன், ஃபைலையும் டெலீட் பண்ணிட்டேன்.

ஆர்எம்எஸ்_தாத்தா:
அம்மா, கொஞ்சம் நிதானமா அந்த லிஸ்ட்டை மறுபடி பாருங்க. நான் ஆர்.எம்.எஸ்.ல, அதாவது ரயில்வே தபால் சர்வீஸ்ல சார்ட்டிங் பண்ணி ரிட்டயர் ஆனவன், பழக்க தோஷத்துல முதல்ல அதைத்தான் படிச்சேன். சிஜேபி கோயம்புத்தூர், எம்ஏஏ மெட்ராஸ், ரெண்டுமே ஏர்போர்ட் கோடு. திருச்சிக்கு டிஆர்இஸட். உங்க லிஸ்ட்ல டிஆர்இஸட் எங்கயாவது இருக்கா? இல்ல. உங்க கவர் திருச்சிக்கு வரவே இல்லம்மா. மெட்ராஸ் கே.கே. நகர்ல ஒரு பையன் தினமும் அதை பையில போட்டுக்கிட்டு இல்லாத தெருவை தேடிட்டு இருக்கான்.

திருச்சி_டீச்சர்:
ஐயா!!! எல்லா பார்சலும் சென்னை ஹப் வழியாத்தான் வரும்னு நினைச்சு அதை கண்டுக்கவே இல்ல. கே.கே. நகர் பிராஞ்ச்னு இருந்ததால நம்ம ஊர்னே முடிவு பண்ணிட்டேன். ஆனா ஃப்ரெண்டு கவர் மேல திருச்சின்னு தெளிவா எழுதியிருக்கா, போட்டோ கூட அனுப்பினா.

ஆர்எம்எஸ்_தாத்தா:
கவர் மேல என்ன எழுதியிருக்குன்னு இப்ப யாரும்மா படிக்கிறாங்க. நாங்க ரயில் பெட்டியில ராத்திரி பூரா நின்னுக்கிட்டே, ஊருக்கு ஒரு பொந்துன்னு சுவர் முழுக்க இருக்கும், அட்ரஸை படிச்சு படிச்சு அதுல செருகுவோம், கையெழுத்து கோழி கிறுக்கலா இருந்தாலும் பழக்கத்துல புரிஞ்சிடும். இப்ப ஹப்ல பார்கோடை அடிக்கிறாங்க, அது எந்த பின்கோடை சொல்லுதோ அந்த பக்கம் கவர் போயிடும், அவ்வளவுதான். இது தப்புன்னு சொல்ல வரல, அத்தனை பார்சலை வேற எப்படி பிரிக்கிறது. ஒரே பேர்ல பல ஊர், பல தெரு இருக்கிற குழப்பத்துக்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15-ல பின்கோடையே கொண்டு வந்தாங்க. முதல் மூணு நம்பர் சார்ட்டிங் மாவட்டம், கடைசி மூணு டெலிவரி ஆபீஸ். திருச்சி கே.கே. நகர் 620021, மெட்ராஸ் கே.கே. நகர் 600078, மதுரையில ஒரு கே.கே. நகர் இருக்கு, அது 625020. உங்க ஃப்ரெண்டுகிட்ட இருக்கற ரசீதுல என்ன பின்கோடு அடிச்சிருக்குன்னு கேளுங்க. கவர்ல இருக்கறது வேண்டாம், ரசீதுல இருக்கறது.

திருச்சி_டீச்சர்:
கேட்டுட்டேன் ஐயா. ரசீதுல 600078. கவுன்டர்ல இருந்தவர் கம்ப்யூட்டர்ல கே.கே. நகர்னு டைப் பண்ணி முதல்ல வந்ததை அமுக்கியிருக்காரு போல. போன் நம்பரும் அனுப்பறவர், வாங்கறவர் ரெண்டு இடத்துலயும் அவ நம்பரையே போட்டிருக்கு. அவகிட்ட கேட்டா "ஆமாடி தெரியாத நம்பர்ல இருந்து டெய்லி கால் வந்துச்சு, லோன் வேணுமான்னு கேக்கறவங்கன்னு நினைச்சு கட் பண்ணிட்டே இருந்தேன்"ங்கறா. சிரிக்கறதா அழறதான்னே தெரியல.

பைக்_பையன்:
பாத்தீங்களா, பையன் போன் பண்ணியிருக்கான் 🙂

கோவை_கிறுக்கன்:
சரி சரி. இப்ப என்ன செய்யணும்? விட்டா தானா ஆர்டிஓ (ரிட்டர்ன் டு ஆரிஜின்) ஆகி கோவைக்கே திரும்பிடும் இல்ல, அப்புறம் உங்க ஃப்ரெண்டு பஸ் ஏறி கையில கொண்டு வந்து கொடுக்கலாமே.

பைக்_பையன்:
அதை மட்டும் பண்ணாதீங்க. ரிட்டர்ன் ஆகற பார்சலுக்கு யாரும் அவசரம் காட்ட மாட்டாங்க, ஹப்ல ஒரு மூலையில சாக்குல கட்டி போட்டு இடம் இருக்கற வண்டியிலதான் ஏத்துவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வரும்னு நம்பிட்டு இருக்க முடியாது. முதல்ல அதை அந்த பிராஞ்ச்லயே நிறுத்தணும். நீங்க கேட்டா செய்ய மாட்டாங்க, புக் பண்ணவங்கதான் அவங்களுக்கு கஸ்டமர், அதனால உங்க ஃப்ரெண்டு புக் பண்ண கவுன்டருக்கு நேர்ல போய் ரசீதை காட்டி "சென்னை பிராஞ்ச்ல ஹோல்ட் போடுங்க, செல்ஃப் பிக்கப்"னு சொல்லணும். வாயால சொல்லிட்டு வந்துடாம கம்பெனி மெயில் ஐடிக்கும் ஒரு மெயில் தட்டிடணும். சென்னையில உங்களுக்கு யாராவது இருக்காங்களா? இருந்தா காலைல வண்டி எல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடி பிராஞ்சுக்கு போக சொல்லுங்க. அந்த நேரத்துலதான் அன்னைக்கு போக வேண்டியது எல்லாம் தரையில ரூட் ரூட்டா பிரிச்சு பரப்பி வெச்சிருப்போம், கேட்டா கண்ணு முன்னாடியே எடுத்து கொடுக்கலாம். பத்து மணிக்கு மேல போனா "வண்டியில போயிடுச்சு, நாளைக்கு வாங்க"தான். ஃப்ரெண்டு கையெழுத்து போட்ட ஒரு லெட்டர், அவங்க ஐடி ப்ரூஃப் காப்பி, வாங்க போறவரோட ஒரிஜினல் ஐடி, இது மூணும் கையில இருக்கட்டும்.

திருச்சி_டீச்சர்:
பெரியம்மா பையன் வடபழனியில இருக்கான், பக்கம்தான். ஃப்ரெண்டை இப்பவே கவுன்டருக்கு கிளம்ப சொல்லிட்டேன்.

வக்கீல்_ஜூனியர்:
மேடம், ஒருவேளை தொலைஞ்சே போயிடுச்சுன்னு சொன்னாங்கன்னா பதறாதீங்க. தமிழ்நாடு போலீஸ் இ-சர்வீஸ் தளத்துல எல்டிஆர்னு இருக்கு, தொலைஞ்ச ஆவணத்துக்கு ஆன்லைன்லயே ரிப்போர்ட் போடலாம், ஸ்கூல் காலேஜ் சர்டிஃபிகேட்டும் அதுல வரும். டூப்ளிகேட் வாங்கறதுக்கு அது முதல் படி. உங்க டிகிரி டிஜிலாக்கர்ல இருக்கான்னும் பாத்து வைங்க. அதுக்கு சட்டப்படி ஒரிஜினலுக்கு சமமான மதிப்பு உண்டு, ஆனா வெரிஃபிகேஷன் டேபிள்ல உக்காந்திருக்கறவர்கிட்ட சட்டம் பேசி ஜெயிக்கறது தனி வேலை, அதனால முன்கூட்டியே கேட்டுக்கோங்க.

சும்மா_வந்தவன்:
லட்ச ரூபாய் நஷ்ட ஈடு கேட்டு கேஸ் போடுங்க அக்கா, அப்பத்தான் புத்தி வரும்.

வக்கீல்_ஜூனியர்:
போடலாம், ஆனா ரசீது பின்னாடி எறும்பு சைஸ்ல இருக்கறதை படிச்சுட்டு போடணும். பாரதி நிட்டிங் கம்பெனின்னு ஒரு கேஸ், 1996-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஜெர்மனிக்கு அனுப்பின எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் போய் சேரல, அவங்களுக்கு லட்சக்கணக்குல நஷ்டம். ஆனா கூரியர் ரசீதுல பொறுப்பு 100 டாலர் வரைக்கும்தான்னு இருந்துச்சு, அதுல அனுப்பினவங்க கையெழுத்தும் இருந்துச்சு. கடைசில 100 டாலர்தான் கிடைச்சுது. கையெழுத்து வாங்காம சும்மா ரசீதை நீட்டியிருந்தா வேற மாதிரி வாதாட இடம் இருக்கு, அதனால உங்க ஃப்ரெண்டு எதுலயாவது கையெழுத்து போட்டாங்களான்னு கேட்டு வைங்க. இன்னொண்ணு, காசு கட்டினது உங்க ஃப்ரெண்டா இருந்தாலும் அந்த சேவை யாருக்காகவோ அவங்களும் நுகர்வோர்தான், நீங்களே கம்ப்ளெய்ன்ட் கொடுக்கலாம். முதல்ல 1915-ல, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். நிறைய கம்பெனி அந்த கட்டத்துலயே இறங்கி வந்துடும்.

திருச்சி_டீச்சர்:
அப்டேட்: கிடைச்சிடுச்சு!!! 🙏 தம்பி சொன்ன மாதிரியே காலைல ஷட்டர் தூக்கற நேரத்துக்கு அண்ணன் போய் நின்னான். முதல்ல "அப்படி எதுவும் இல்ல சார்"னு சொன்னாங்களாம், மெயிலை காட்டி ஏடபிள்யூபி நம்பரை படிச்சதும் ஒரு பையன் ஓரமா இருந்த கட்டுல இருந்து உருவி எடுத்து கொடுத்திருக்கான். கவர் மேல ஃப்ரெண்டு கொட்டை எழுத்துல திருச்சின்னு எழுதினது அப்படியே இருக்கு, அதுக்கு மேலயே 600078 ஸ்டிக்கரை ஒட்டி வெச்சிருக்காங்க. ஒரு மூலை ஈரம் பட்டு ஊறிப்போச்சு, நல்லவேளை உள்ள பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டிருந்தா. அண்ணனோட ஆபீஸ்ல ஒருத்தர் இன்னைக்கு ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல வர்றாரு, அவர்கிட்டயே கொடுத்து விட்டுட்டான். தாத்தாவுக்கும் தம்பிக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. இனிமே இந்த மாதிரி ஒரிஜினல் எதுல அனுப்பறது ஐயா?

ஆர்எம்எஸ்_தாத்தா:
சந்தோஷம்மா. நான் தபால்காரன், தபாலைத்தான் சொல்லுவேன், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க. ரிஜிஸ்டர் போஸ்ட் இப்ப தனியா இல்ல, 2025 செப்டம்பர்ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க. ஸ்பீட் போஸ்ட் போடும்போதே ரிஜிஸ்ட்ரேஷன் வேணும்னு கேட்டா 5 ரூபாய் கூடுதல், அப்போ யார் பேருக்கு போட்டீங்களோ அவங்க கையிலதான் கொடுக்கணும், இல்லன்னா அவங்க அதிகாரம் கொடுத்தவங்க கையில. ஓடிபி டெலிவரிக்கும் 5 ரூபாய்தான், ரெண்டுக்கும் ஜிஎஸ்டி தனி. ஓடிபி போட்டா போன் நம்பர் உங்களோடதா இருக்கணும், இல்லன்னா அதையும் உங்க ஃப்ரெண்டு லோன்காரன்னு நினைச்சு அழிச்சிடுவா. எதுல போட்டாலும் சரி, கவுன்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடி ரசீதுல இருக்கற பின்கோடையும் போன் நம்பரையும் வாய்விட்டு படிச்சு பாக்க சொல்லுங்க.

கோவை_கிறுக்கன்:
புக் பண்ண காசையாவது திருப்பி கேளுங்க அக்கா. தப்பு அவங்க கவுன்டர்ல நடந்தது.

திருச்சி_டீச்சர்:
கேட்டா "பார்சல் டெலிவர்டுன்னு ஆயிடுச்சே மேடம், அப்புறம் எப்படி ரீஃபண்ட்"ங்கறாங்க. 1915-ல கம்ப்ளெய்ன்ட் பதிஞ்சிருக்கேன். இப்ப வெரிஃபிகேஷனுக்கு ஜெராக்ஸ் எடுக்கற வேலை தலைக்கு மேல கிடக்கு, அதை முடிச்சுட்டு இவங்களை பாத்துக்கறேன். லேட் ஆனா கேஸ் நிக்காதா சார்?

வக்கீல்_ஜூனியர்:
நிக்கும். நுகர்வோர் ஆணையத்துக்கு ரெண்டு வருஷம் டைம் இருக்கு, இவ்வளவு சின்ன தொகைக்கு கோர்ட் ஃபீஸும் கிடையாது. ரசீது, அந்த ஸ்டிக்கர் ஒட்டின கவர், ட்ராக்கிங் ஸ்க்ரீன்ஷாட், ஃப்ரெண்டு அனுப்பின மெயில், நாலையும் பத்திரமா வைங்க. முக்கியமா கவரை கிழிச்சு போட்டுடாதீங்க, திருச்சின்னு எழுதினதுக்கு மேல ஸ்டிக்கர் இருக்கற அந்த பக்கத்தை இப்பவே ஒரு போட்டோ எடுத்துடுங்க.