‘ஃப்ரீ வில்லி’ பார்த்த பிறகு குழந்தை கேட்ட கேள்வி: உங்களுக்கும் நடந்ததா?

வேளச்சேரி அம்மா:
போன மாதம் லீவில் மகளோடு உட்கார்ந்து ‘ஃப்ரீ வில்லி’ பார்த்தேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது கேபிளில் பார்த்த படம். ஜெஸ்ஸி என்ற பையன், தொட்டியில் அடைத்து வைத்த வில்லி என்ற ஓர்க்காவோடு (கறுப்பு வெள்ளைத் திமிங்கலம்) நண்பனாகி அதைக் கடலில் விடும் கதை. கடைசியில் ஜெஸ்ஸி கையைத் தூக்க, வில்லி அந்தக் கல் கரையைத் தாண்டி அவன் தலைக்கு மேலே பாயும் இடத்தில் என் மகளும் (8 வயது) சோபா மேல் ஏறி நின்று கையைத் தூக்கிவிட்டாள். அதுவரை எல்லாம் சந்தோஷம்தான். அப்புறம் “அந்த வில்லி இப்போ எங்கம்மா இருக்கு?” என்று கேட்டாள். போனில் தேடினேன். வில்லியாக நடித்த கெய்கோ என்ற ஓர்க்கா 2003 டிசம்பரில் நார்வேயில் நிமோனியா வந்து இறந்துவிட்டது என்று இருந்தது. சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு “கடல்லதான் இருக்குடா” என்றேன். “ஜெஸ்ஸிய ஞாபகம் வச்சிருக்குமா?” “வச்சிருக்கும்.” அன்றிலிருந்து தினமும் தூங்கும் முன் ஜன்னல் பக்கம் திரும்பி “குட் நைட் வில்லி” சொல்கிறாள். ஒவ்வொரு ராத்திரியும் எனக்கு நெஞ்சில் முள் குத்துகிறது. யாராவது இப்படிப் பொய் சொல்லி மாட்டியிருக்கிறீர்களா?

ஸ்கார்பரோ பிள்ளை:
அக்கா, நான் அதே படத்தை வீட்டில் கசெட்டில் தேயத் தேயப் பார்த்து வளர்ந்தவள். கனடாவுக்கு வந்த புதிதில் ஆங்கிலம் விளங்காத காலத்திலும் அந்தப் படம் விளங்கியது. பிறகு 2012 கோடையில் நயாகரா பக்கம் இருக்கிற ஒரு பூங்காவுக்கு அக்காவின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே கிஸ்கா என்று ஒரு ஓர்க்கா. கெய்கோவைப் போலவே 1979இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடிபட்டவள், ஒரு காலத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தவை. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிள்ளைகள் “வில்லி! வில்லி!” என்று கத்தினார்கள். கிஸ்கா தொட்டியில் சுற்றிக்கொண்டே இருந்தாள், ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில். ஒரு இடத்தில் வந்ததும் அப்படியே நின்று மிதந்தாள், மரக்கட்டை மாதிரி. பெற்ற ஐந்து குட்டிகளும் செத்துப் போய், கூட இருந்த கடைசி ஓர்க்காவையும் அதற்கு முந்தின வருடம்தான் கொண்டுபோயிருந்தார்கள். என் பெறாமகன் மட்டும் கத்துவதை நிறுத்திவிட்டு, “சித்தி, அவவுக்கு ஆர் இருக்கினம்?” என்று கேட்டான். நான் ஐஸ்கிரீம் வாங்கித் தாறன் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

2019இல் திமிங்கலங்களையும் டால்பின்களையும் இப்படிப் புதிதாக அடைத்து வைப்பதைக் கனடா சட்டம் போட்டுத் தடுத்தது. கிஸ்கா 2023 மார்ச்சில் அந்தத் தொட்டியிலேயே போய்விட்டாள். செய்தி வந்த அன்று அந்தப் பெறாமகன் (இப்போது யூனிவர்சிட்டியில்) எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான், “சித்தி, அவ போயிட்டா” என்று மட்டும். அவன் மறக்கவில்லை அக்கா. உங்கள் மகளும் மறக்க மாட்டாள்.

ஹில்ஸ்போரோ ராஜா:
நான் கெய்கோவை நேரில் பார்த்தவன். 1997இல் வேலைக்காக ஒரிகன் வந்தபோது, நியூபோர்ட் ஊரிலுள்ள அக்வேரியத்தில் இருந்தது. மெக்சிகோ நகரத்தில் ஒரு சின்னக் குளத்தில் தோல் முழுக்கப் புண்ணோடு கிடந்த மிருகத்தை 1996 ஜனவரியில் விமானத்தில் ஏற்றி அங்கே கொண்டுவந்திருந்தார்கள். படத்தின் முடிவில் போட்ட போன் நம்பரைப் பார்த்து உலகம் முழுக்கக் குழந்தைகள் உண்டியலை உடைத்து அனுப்பிய காசும் அதில் சேர்த்தி. 150 அடி நீளத் தொட்டி, குளிர்ந்த நிஜக் கடல்நீர். கண்ணாடிக்குப் பின்னால் என் மூன்று வயதுப் பையன் நின்றான். இருட்டிலிருந்து அந்த முகம் மெதுவாக வந்தது, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்தது. அரை நிமிடம் இருக்கும். பையன் கண்ணாடியில் நெற்றியை வைத்தான். அது போகவில்லை.

அதனால் சொல்கிறேன், அதைக் கடலில் விட்டதே தவறு. 1998இல் ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோய், கோடிக்கணக்கில் டாலர் செலவழித்து, என்ன நடந்தது? காட்டு ஓர்க்காக் கூட்டம் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2002இல் தானாக நீந்தி நார்வேக்குப் போய் அங்கேயும் மனிதர்களைத்தான் தேடியது. குழந்தைகள் முதுகில் ஏறி விளையாடினார்கள், கடைசியில் கிட்டே போகக்கூடாது என்று அரசாங்கமே தடை போட வேண்டியிருந்தது. கூடவே இருந்து கவனித்த ஆய்வாளர்களே 2009இல் இந்த விடுதலை வெற்றி இல்லை என்று எழுதினார்கள். ஸ்கார்பரோ தங்கை சொல்வது வேறு கதை, கிஸ்காவை யாரும் வேறு நல்ல இடத்துக்கு மாற்றவில்லை. கெய்கோவுக்கு நல்ல இடம் இருந்தது. படம் பார்த்தவர்களின் ஆசைக்காகத்தான் அதை அங்கிருந்து எடுத்தார்கள்.

மலைப்பாதை:
எங்கள் வீட்டில் வேறு மாதிரி ஆனது. இந்தப் படம் பார்த்த அடுத்த வாரம் கொடைக்கானல் போனோம். ஜெஸ்ஸி வில்லிக்கு மீன் போடுவது போலவே மகன் ஒரு குரங்குக்கு வாழைப்பழம் நீட்டினான், இரண்டாவது பழம் இல்லை என்றதும் அது கையைப் பிராண்டிவிட்டது. “நான் அதோட ஃப்ரெண்டுதானேப்பா” என்று அழுதான், வலியை விட அதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். குரங்கு பிராண்டினால் “சின்னக் கீறல்தானே” என்று விடாதீர்கள். உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் முடியுங்கள். மலைக்குப் போனால் கையில் பிளாஸ்டிக் கவர் வேண்டாம், அந்தச் சத்தத்துக்கே குரங்கு வரும். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், இரண்டையும் அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். தின்பண்டத்தைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள். முதலில் போடவே போடாதீர்கள், நாம் போட்டுப் பழக்குவதால்தான் அவை காட்டை விட்டு ரோட்டில் உட்கார்ந்து வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. வேளச்சேரி அம்மா, உங்கள் மகளிடம் கெய்கோ செத்ததைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லுங்கள்.

உவரிக்காரன்:
ராஜா அண்ணாச்சி, நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறீர்கள். நான் தண்ணீரில் நின்றிருக்கிறேன். 2016 பொங்கலுக்கு முந்தின வாரம், மணப்பாட்டிலிருந்து கல்லாமொழி வரை கரை முழுக்கத் திமிங்கலம் ஒதுங்கிக் கிடக்கிறது என்று போன் வந்து பைக்கில் போனேன். கறுப்பாக, மொட்டைத் தலையோடு, எண்பதுக்கு மேலே. பைலட் திமிங்கலம் என்றார்கள். ஓர்க்கா மாதிரியே அதுவும் டால்பின் குடும்பம்தானாம். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒன்றைத் தள்ளி, படகில் கயிறு கட்டி இழுத்து ஆழத்தில் விட்டோம். நல்லாத்தான் நீந்திப் போனது. கரையில் கிடந்தவை விசில் அடிப்பது மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன. இது போன திசையிலிருந்து திரும்பியது, அந்தச் சத்தத்தைப் பார்த்து நேராக வந்து, நாங்கள் தள்ளின அதே இடத்தில் மணலில் ஏறிப் படுத்தது. இரண்டாவது தடவையும் தள்ளினோம், இரண்டாவது தடவையும் வந்தது. என் தொடையில் அதன் உடம்பு இடிபட்டபோது சூடாக இருந்த மாதிரி நினைவு. சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது. மொத்தம் நாற்பதுக்கு மேல் போயிருக்கும், ஜேசிபி வைத்துத் தோண்டிப் புதைத்தார்கள்.

திமிங்கலத்துக்குக் கூட்டம் என்றால் அப்படி. கெய்கோவை ரெண்டு வயசுக் குட்டியாக அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துப் பிடித்தவன்தான் தவறு செய்தான். இருபது வருஷம் கழித்துத் திரும்பக் கொண்டுவிட்டவனை ஏன் குறை சொல்கிறீர்கள்? ஐஸ்லாந்திலிருந்து நார்வேக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல், அதை அது தனியாக நீந்திப் போயிருக்கிறது. தொட்டியில் அதற்கு எங்கே இடம்?

ஹில்ஸ்போரோ ராஜா:
தம்பி, நீந்தியது நிஜம், மறுக்கவில்லை. ஆனால் கரைக்கு வந்து யாரைத் தேடியது என்றுதான் கேட்கிறேன். என் பையனைப் பார்த்த அந்தக் கண்ணை நீங்கள் பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

வேளச்சேரி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கெய்கோவைக் கடலில் பிடித்தது, மெக்சிகோ, விமானம், நார்வே, புதைத்த இடத்தில் அந்த ஊர்க் குழந்தைகள் கல் கொண்டுவந்து குவித்தது, எல்லாம். அழவில்லை. “நீ ஏம்மா அன்னிக்குச் சொல்லல?” என்று கேட்டாள், பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் அது எவ்வளவு பெரிசு என்றாள். ஏறக்குறைய 21 அடி என்றேன். தையல் டேப்பையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் அளந்து வரைந்தாள், தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்துப் படிக்கட்டுக் கதவு வரை வந்துவிட்டது. அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். துணி காயப்போட வந்த மாடி வீட்டு அக்கா கோட்டை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

ஸ்கார்பரோ பிள்ளை:
அக்கா, முதுகுத் துடுப்பை நேராக வரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கோ. கெய்கோவுக்கு அது ஒரு பக்கமாக மடிந்து விழுந்திருக்கும். படத்திலும் அப்படித்தான்.