ஒயின் குடிக்க ஒரே ஆள்: அரை பாட்டில் வாங்குவது கட்டுப்படியாகுமா?

ஒற்றைக்கோப்பை:
எங்கள் வீட்டில் ஒயின் குடிப்பது நான் ஒருத்திதான். கணவர் முகர்ந்து பார்ப்பதோடு சரி. 750 மில்லி பாட்டிலைத் திறந்தால் முதல் நாள் அருமை, மறுநாள் பரவாயில்லை, அதற்கப்புறம் பழவாசனை போய் ஒரு அசட்டுப் புளிப்பு வந்துவிடுகிறது. கொட்ட மனசு வராமல் கூட ஒரு கோப்பை ஊற்றிக்கொள்வதும் நடக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. 375 மில்லிக்கு மாறலாமா? அளவு பாதிதான், விலை மட்டும் பாதியில் நிற்பதில்லையே, ஏன்? வாங்கி நாள்பட வைக்கலாமா?

பழம்பீப்பாய்:
ஒயினை பாட்டிலில் அடைக்கும் இடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பாதியாவது உள்ளே இருக்கும் ஒயின் மட்டும்தான். கார்க் அதே கார்க். லேபிள் ஒட்டும் வேலை அதே வேலை. கண்ணாடியும் சரிபாதியாகக் குறையாது. போதாததற்கு, சின்ன பாட்டில் ஓட்ட இயந்திரத்தை நிறுத்தி அளவு மாற்ற வேண்டும். அந்த நேரத்தை யாராவது விலையில் சேர்க்கத்தானே செய்வார்கள்? அதனாலேயே பலர் அரை பாட்டில் போடுவதில்லை. விலையைவிட, தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை என்பதுதான் என் குறை.

ஆனால் வாங்கிய மில்லிக்குக் கணக்குப் போடாதீர்கள், குடித்த மில்லிக்குப் போடுங்கள். பாதியைக் கொட்டுகிறவருக்கு முழு பாட்டில்தான் விலை கூடுதல். 150 மில்லி கோப்பையில் அரை பாட்டில் இரண்டரை வரும். 13 சதவீத ஒயின் என்றால் அதிலேயே சுமார் 38 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ‘அரைதானே’ என்று ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டாம், இரண்டு நாளாக்கிக்கொள்ளுங்கள்.

நாள்பட வைக்காதீர்கள். இரண்டு அளவுக்கும் கழுத்து ஏறக்குறைய ஒன்றே. கார்க்குக்கு அடியில் தங்கும் காற்றும், கார்க் வழியே மெல்ல நுழையும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட அதே அளவு. அதைத் தாங்க வேண்டிய ஒயின் பாதிதான் இருக்கிறது. சீக்கிரம் முதிர்ந்துவிடும். எனக்கு இது வசதியாகவும் படுகிறது: இளசாக இருக்கும்போது நாக்கை இறுக்கிப் பிடிக்கும் பிரான்ஸின் போர்தோ மாதிரி சிவப்பு ஒயின், அரை பாட்டிலில் முன்னதாகவே இளகிக் கொடுக்கும். முழு பாட்டிலை இன்னும் எத்தனை வருஷம் விடலாம் என்று பார்க்க, அதன் அரை பாட்டிலைத்தான் முதலில் திறப்பேன்.

கடைசிமிடறு:
இனிப்பு ஒயினை விட்டுவிட்டீர்களே! சொத்தேர்ன், ஐஸ்வைன் எல்லாம் 375-ல் தாராளமாகக் கிடைக்கும். டோக்காய் 500 மில்லி. அந்த இனிப்பில் ஒரு சின்னக் கோப்பைக்கு மேல் யாருக்கும் இறங்காது. ஸ்பெயினின் இனிப்பில்லாத ஒயினான ஃபீனோ ஷெரியும் அரை பாட்டிலில்தான் வாங்குவேன், திறந்தபின் சட்டென்று சோர்ந்துவிடும் ரகம் அது. ஷாம்பெயினில் அரை பாட்டிலுக்குக் கீழே போகாதீர்கள். அரை பாட்டிலில், நுரையைத் தரும் இரண்டாம் நொதிப்பு அதே பாட்டிலுக்குள் நடக்கும். கால் பாட்டில் பெரும்பாலும் பெரிய பாட்டிலில் நொதித்ததை மாற்றி ஊற்றியது.

கார்க்குதிருகி:
திருகுமூடி போட்ட அரை பாட்டில் ஒன்று காலியானால் எறியாதீர்கள். நன்றாகக் கழுவி வையுங்கள். அடுத்து முழு பாட்டில் திறக்கும்போது, உங்கள் கோப்பைக்கு ஊற்றுவதற்கு முன்னாலேயே அதை விளிம்புவரை நிரப்பி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். உள்ளே காற்றுக்கு இடமே இல்லாததால் சில நாள் கெடாது. சிவப்பும் ஃப்ரிட்ஜில்தான், குடிப்பதற்கு அரை மணி முன் எடுத்தால் போதும். காற்றை உறிஞ்சும் பம்ப்பில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நுரைக்கும் ஒயினிடம் இந்த வித்தை பலிக்காது, ஊற்றும்போதே வாயு போய்விடும்.

ஒற்றைக்கோப்பை:
இந்த யோசனை ஜோர். பழம்பீப்பாய் சார், ஒன்று மட்டும்: கடையில் ரொம்ப நாளாகத் தேங்கிக்கிடந்த அரை பாட்டிலை எப்படித் தெரிந்துகொள்வது?

பழம்பீப்பாய்:
லேபிளில் அறுவடை வருஷத்தைப் பாருங்கள். சாதாரண வெள்ளையோ ரோஸேயோ (இளஞ்சிவப்பு ஒயின்) இரண்டு மூன்று வருஷம் தாண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். வெளிச்சத்தில் பிடித்து, கழுத்தில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உலர் (இனிப்பில்லாத) வெள்ளை ஒயின் பழுப்படித்திருந்தால் தொடவே வேண்டாம். ஜன்னலோரம் வெயிலில் நிற்பதையும் எடுக்காதீர்கள். கார்க், திருகுமூடி இரண்டிலும் கிடைத்தால் திருகுமூடியையே வாங்குங்கள்.