கேபிளில் மட்டும் ஐபி முகவரி கிடைக்கவில்லை, உதவுங்கள்

வீட்டு ஃபைபர் இணைப்பு. பிபிபிஓஇ லாகின் (இணைய நிறுவனத்தின் பயனர்பெயர், கடவுச்சொல்) மோடத்துக்குள்ளேயே இருக்கிறது, பிரிட்ஜ் மோட் (லாகினை வேறு கருவி செய்யும் முறை) இல்லை. மோடத்தில் ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு நிலையாகப் பச்சை, சிக்னல் இல்லாவிட்டால் எரியும் லாஸ் சிவப்பு எரியவில்லை. வைஃபையில் போன்கள் நன்றாக ஓடுகின்றன. அதனால் லைனில் பழுது இல்லை.

விண்டோஸ் 10 டெஸ்க்டாப்பில் லேன் கேபிள் போட்டால் 169.254-இல் தொடங்கும் முகவரிதான் வருகிறது. அதாவது, டிஎச்சிபி (மோடம் தானாக ஐபி முகவரி கொடுக்கும் முறை) பதில் வராமல் கணினி தானே வைத்துக்கொண்ட முகவரி. அதே கேபிளை, அதே போர்ட்டில் லேப்டாப்பில் செருகினால் உடனே 192.168.1.7 கிடைக்கிறது.

ஐபிகான்ஃபிக் ரிலீஸ், ரினியூ (முகவரியை விட்டுவிட்டு மறுபடி கேட்கும் கட்டளைகள்), வின்சாக் ரீசெட் (விண்டோஸின் நெட்வொர்க் அமைப்பை மீட்டமைத்தல்), டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுதல் எல்லாம் செய்தாயிற்று. டிஎச்சிபி கிளையண்ட் சர்வீஸ் ரன்னிங். முக்கியமாக, 192.168.1.50 என்று கையால் கொடுத்து, கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் 192.168.1.1 என்று வைத்தால் நெட் முழுசாக வேலை செய்கிறது! ஆக, லேன் கார்டும் நல்ல நிலையில்தான் இருக்கிறது.

ஆன்டிவைரஸின் ஃபயர்வால், டிஎச்சிபி பயன்படுத்தும் யுடிபி 67, 68 போர்ட்களை மறிக்கிறதோ என்று சந்தேகம். ஆஃப் செய்தும் மாற்றமில்லை. முழுவதும் நீக்கினால்தான் அதன் ஃபில்டர் டிரைவர் (நெட்வொர்க் தரவை வடிகட்டும் மென்பொருள்) போகுமா? மோடத்தில் மேக் ஃபில்டர் (லேன் கார்டின் வன்பொருள் முகவரியை வைத்துத் தடுக்கும் வசதி) இருந்தால் டிஎச்சிபி மட்டும் தடைபடுமா? இதே நிலையைச் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்.